வியாழக்கிழமை ஒரு மணி நோயாளி

கணவன், மனைவி இருவருமே பல் டாக்டர்கள். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர்களுக்குத் தங்களுக்குள் வாய் திறந்து பேசத்தான் நேரம் கிடைப்பதில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளோடு தொடங்கிய கிளினிக் மூன்று கிளைகளாகப் பெருகியிருந்தது; நான்காவதற்குச் சுவரில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கிளையில், அவர் இன்னொன்றில். வியாழக்கிழமை மட்டும் இருவரும் பழைய கிளினிக்குக்கு வருவார்கள்.

அன்று மதியம் ஒரு மணிக்கு அங்கே ஒரு நோயாளி உண்டு. பெயர் ஞானப்பல்லார். அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. நேரத்தைக் காலியாக விட்டால் வரவேற்பில் இருக்கும் பெண் யாரையாவது உட்கார வைத்துவிடுவாள் என்று, கணவர்தான் அந்தப் பெயரைப் போட்டு, தன் செல்போன் எண்ணையே கொடுத்து, இரண்டு நாற்காலிகளையும் வாரா வாரம் பிடித்துவைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும், கருவிகளைக் கொதிக்கும் ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் மெஷின் உஸ்ஸென்று ஆவி விடும் பின்னறையில், இரண்டு ஸ்டூல்களில் முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாரத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த நேரம்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

வந்தது வினை சாஃப்ட்வேர் ரூபத்தில். மூன்று கிளைக்கும் மூன்று சாஃப்ட்வேர். முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகளைப் போல ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒரு கிளையில் எக்ஸ்ரே எடுத்தவருக்கு மற்றதில் மறுபடியும் எடுத்தார்கள். ஒரு அம்மாளுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கிளையில் எழுதியிருந்தும், வேறு கிளையில் அதையே எழுதித்தரப் போனாள் இவள். நல்லவேளை, அந்த அம்மாளே வாய்விட்டுச் சொன்னார். அன்றிரவு இவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாளைக்குப் பத்துக் கிளை வந்தாலும் தாங்குகிற ஒரே சாஃப்ட்வேர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கணவரோ எதைக் காட்டினாலும் குற்றம் கண்டுபிடித்தார்.

"பல்லுப் படத்தைப் பாரு, குதிரைப் பல்லு மாதிரி இருக்கு."

"நாம என்ன படத்துக்கா வைத்தியம் பாக்கப்போறோம்?"

விற்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரெண்டு டாக்டர் ஒரே கிளையில, ஒரே நேரத்துல இருக்க விடுமா?" விடாது, ஆள் வீணாகிறது என்று சிவப்பில் காட்டும் என்பார்கள். உடனே முகம் தொங்கிப்போகும். இந்த மனுஷருக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் டாக்டர் செய்யக்கூடாத காரியம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விற்க வருபவர்கள் எல்லோருக்கும் வியாழன் மதியம்தான் தோதுப்பட்டது. வாரா வாரம் அவள் முன்னறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "நீங்க ஆரம்பிங்க, இதோ வந்துட்டேன்" என்று பின்னறைக்குக் குரல் கொடுப்பாள். போகமாட்டாள். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா அப்படியே வீடு திரும்பும்.

கடைசியில் ஒரு சாஃப்ட்வேரைச் சில வாரம் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார்கள்; பழைய முன்பதிவுகளும் அப்படியே அதில் ஏறின. படு கறாரான சாமான். நோயாளி வந்தால் டாக்டர் 'வந்தாச்சு' பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு டாக்டர் பார்க்கும் கேஸ் என்றால் இரண்டு பேருமே அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி வரவில்லை என்றுதான் கணக்கு.

அந்த வியாழக்கிழமை விற்பனையாளர் ஒப்பந்தத்தோடு வந்தார். அவள் பேனாவைத் திறந்த நேரத்தில் பின்னறையிலிருந்து கணவர் வந்து, டோக்கன் வாங்கிய நோயாளியைப் போலப் பவ்யமாக நின்றார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு குறை இருக்குங்க."

செல்போனை நீட்டினார். 'அன்புள்ள ஞானப்பல்லார் அவர்களே, நீங்கள் தொடர்ந்து வராத காரணத்தால் வியாழன் ஒரு மணி முன்பதிவு ரத்து செய்யப்படுகிறது. உங்கள் புன்னகையே எங்கள் மகிழ்ச்சி.'

அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் வாரா வாரம் வந்துக்கிட்டுதாங்க இருக்கேன். பொத்தானையும் அமுக்கிட்டேன். டாக்டரம்மாதான் வரல."

அவள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆவி உஸ்ஸென்று அடிக்கும் அறையில், எதிர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு இந்த மனுஷர் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வாரமல்ல, இரண்டு வாரமல்ல. வளர்வதற்குப் பயப்படுகிறார் என்றல்லவா நினைத்தாள்! குதிரைப் பல்லும் கழுதைப் பல்லும் வெறும் சாக்கு. ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் அவர் தேடியது அவளோடு சாப்பிடும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்று புரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர்மேல் ஆசையாக இருந்தது.

பேனாவை மூடிவிட்டு விற்பனையாளரிடம் திரும்பினாள்.

"ஒரு நோயாளி, ரெண்டு டாக்டர், வியாழக்கிழமை ஒரு மணி. எத்தனை கிளை வந்தாலும் அசையக்கூடாது. முடியுமா?"

"தானா விடாது மேடம், வீண்னு காட்டும். ஆனா நிர்வாகி நினைச்சா பூட்டி வைக்கலாம். அதுக்கப்புறம் யாரும் தொட முடியாது."

"யாரு நிர்வாகி?"

"நீங்கதான் மேடம்."

இத்தனை நாளாக இதை நிர்வாகி கேட்கவே இல்லை.

"அப்ப பூட்டுங்க."

"என்ன சிகிச்சைன்னு போடணும் மேடம். காலியா விட்டா ஏத்துக்காது."

"தொடர் சிகிச்சைன்னு போடுங்க."

"முடியிற தேதி?"

"அது முடிய வேண்டாம்."

விற்பனையாளர் ஒன்றும் புரியாமல் தட்டினார். திரையில் ஞானப்பல்லார் உயிர்பெற்று வந்தார். அவள் குனிந்து 'வந்தாச்சு' பொத்தானை அமுக்கிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், கையெழுத்து?"

"ரெண்டு மணிக்குப் போடறேன். ஒரு நோயாளியை ரொம்ப நாளா காக்க வச்சிட்டேன்."

அவளுக்கு முன்பே பின்னறைக்குப் போயிருந்த கணவர் அவளுடைய ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.