பொத்தானுக்குப் பதில் குமிழ்

கணேசலிங்கத்தின் விரல் நுனிகளை நீரிழிவு மரத்துப்போக வைத்துவிட்டது. சிகரெட்டை விடட்டும் என்று மனைவி குமுதினி பாகங்கள் வாங்கிப் பூட்டிக்கொடுத்த, புகைக்குப் பதில் ஆவி இழுக்கும் வேப் கருவியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டிப் பொத்தான்களை அவரால் அழுத்த முடியவில்லை. ஒன்றை அழுத்தினால் இரண்டும் அழுந்தும். இப்படியே போனால் மனுஷன் பழையபடி சிகரெட்டுக்குப் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். இனிப் புகைத்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஜெர்மனியில் இருந்த காலத்தில் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்த கை அவளுடையது. இப்போது லண்டன் மோர்டன் வீட்டுச் சமையலறை மேசையில் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ரோட்டரி என்கோடர் ஒன்றைப் பொருத்தினாள். பெயர்தான் பெரிசு; ‘டிக் டிக்’ என்று சுற்றுகிற குமிழ், அவ்வளவே. அதன் மூன்று கம்பிக் கால்களில் நடுக்கால் எர்த்துக்கு, மற்ற இரண்டும் சிப்புக்கு. முதலில் வலப்பக்கம் திருப்ப, கூட வேண்டிய சூடு குறைந்தது. இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள், சரிவந்தது.

ஏன் குமிழ் என்று கேட்டால் சொல்ல வெட்கப்படுவாள். அந்த ஜெர்மனிக் காலத்தில், டோர்ட்முண்ட் அகதி விடுதியில் கணேசலிங்கம் ஒரு கையில் சிகரெட்டோடு, மறுகையால் வானொலிக் குமிழை மெல்ல மெல்லத் திருப்பித் தமிழ்ச் செய்தி தேடுவார். இரைச்சலுக்குள் குரல் அகப்பட்டதும் அறையே அடங்கிப்போகும். மற்றவர்கள் செய்தி கேட்டார்கள், இவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர் அறையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு இனிக்கும். பாழாய்ப்போன சிகரெட் மணம்கூட.

கருவியை அவர் கையில் கொடுத்தாள். அவர் திருப்பினார். குமிழ் அசைந்ததே அவர் விரலுக்குத் தெரியவில்லை. சூடு உச்சத்துக்கு ஏறியது. இழுத்தார், கண்ணீர் வர இருமினார். கருவியை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். குமுதினிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு பாடும் வீணா?

கொஞ்ச நேரத்தில் அவரே கருவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீர் திருப்பும். நான் இழுக்கிறன்.”

அவள் அளவாகக் குறைத்துக் கொடுத்தாள். அவர் இழுத்து, சரி என்று தலையாட்டினார்.

“நான் ஷிப்டுக்குப் போனால் என்ன செய்வியள்?”

“நீர் வருமட்டும் பொறுத்திருப்பன்.”

சிகரெட்டை விடச்சொல்லிக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கெஞ்சியும் கேட்காத மனுஷன். குமுதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வேலை முடிந்ததும் எங்கேயும் நிற்காமல் நேரே வீட்டுக்குத்தான் வருவேன் என்றாள்.