தையலுக்குள் போன தெரு

அக்கா குடியிருக்கும் தெருவை விழுங்கியவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கட்டடக்கலைக் கோட்பாடு, நகரத் திட்டமிடல் என்று, எழுதியவரும் பிழை திருத்தியவரும் மட்டுமே முழுதாகப் படிக்கும் புத்தகங்களை வெளியிடும் பதிப்பகத்தில் நான் பக்க வடிவமைப்பாளன். அப்படி ஒரு புத்தகத்தில் எங்கள் ஊர் வரைபடத்தை எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரித்துப் போட்டேன். நடுவில், தையல் விழும் இடத்தில் இடைவெளி விட மறந்தேன். புத்தகம் தைத்து வந்தபோது இடப்பக்கம் மார்க்கெட் தெரு இருந்தது, வலப்பக்கம் பள்ளிக்கூடத் தெரு இருந்தது. நடுவே இருந்த அக்கா தெரு தையலுக்குள் போய்விட்டது. அக்கா வீட்டுப் பக்கம் நான் போய் வந்துகொண்டிருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

எங்கள் புத்தகங்களை யாரும் கவனிப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் நகராட்சி கவனித்தது. அவர்களுடைய மூல வரைபடத்தைக் கரையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, பின்னால் பக்கம் பக்கமாக அடிக்குறிப்பு. வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று எங்கள் புத்தகத்தையே மேசையில் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் குப்பை வண்டி வரவில்லை. அப்புறம் தெருவிளக்கு போனது. அப்புறம் தெருமுனையில் ‘வழி இல்லை’ என்று ஒரு பலகை. இப்போது தண்ணீரையும் நிறுத்தப்போவதாக நோட்டீஸ். இல்லாத தெருவுக்குத் தண்ணீர் விட்டால் கணக்குத் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்களாம். அக்கா போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, ஏதோ புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறார்கள், நீதான் அந்தத் துறையில் இருக்கிறாய், விசாரித்துச் சொல் என்றாள். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

முதலாளியிடம் போனேன். தெரு இருக்கிறதா, இல்லையா என்றேன்.

“இந்தப் பதிப்புல இல்ல” என்றார்.

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்த பிறகுதான் அடுத்த பதிப்பாம். மாடிப்படிக்கு அடியில் கூரை முட்ட அடுக்கியிருந்த முதல் பதிப்பைப் பார்த்தேன். அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குக்கூடக் குளிக்கக் கொடுத்துவைக்காது.

நூலாசிரியரான பேராசிரியரிடம் போனேன். அவர் பூரித்துப்போயிருந்தார். வரைபடத்தில் தெரு காணாமல்போன அந்த வெற்றிடத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டாராம்.

“அங்க ஆளுங்க குடியிருக்காங்க சார்.”

“அதானே அதோட அழகு” என்றார்.

கடைசியாக நகரமைப்பு அதிகாரி. அவர் மேசையிலிருந்த புத்தகத்தை வாங்கி, வரைபடப் பக்கத்தை விரித்து, இரண்டு கையாலும் அமுக்கினேன். போதவில்லை. முழங்காலையும் வைத்தேன். முதுகு ஒடிந்தது. புத்தகத்தின் முதுகுதான் என்றாலும் வலித்தது எனக்கு. பிளவுக்குள் கறுப்பாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அதிகாரி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

“ஏதோ தெரியுது. ஆனா நூல் அகலம்தான். தண்ணி போகும், குப்பை வண்டி போகாது.”

அப்படியானால் தெரு இருப்பதாக எழுதித் தரச் சொன்னேன். புத்தகம் திறந்திருக்கும்வரை இருக்கிறது என்று வேண்டுமானால் எழுதலாம் என்றார். சாயங்காலம் ஆபீசோடு புத்தகத்தையும் மூடிவிடுவார்களாம். ஆக, அக்கா தெரு இனி அலுவலக நேரத்தில் மட்டும் இருக்கும், விடுமுறை நாட்கள் நீங்கலாக.

இதை போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரே போனேன். தெருமுனையில் அந்தப் பலகை. அச்சடித்ததை நம்பியே பிழைப்பு நடத்துகிறவன் நான், கால் எழவில்லை. அங்கேயே நின்று அக்காவுக்கு போன் போட்டேன். தையல், இடைவெளி, முழங்கால் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அக்கா, தெரு இருக்கா, இல்லையா? ஒருத்தரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க.”

“இருக்குடா. நீதான் வர்றதே இல்ல. அந்தப் பலகையப் புடுங்கி எடுத்துட்டு வா, கொல்லைக் கதவு ஆடுது, முட்டுக் கொடுக்கணும்.”