மூச்சை விடும் பாடம்

அப்பாவு தண்ணீருக்குள் போனால் ஒரு குமிழிகூட மேலே வராது. காசிமேட்டில் விசைப்படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கத்தியை இடுப்பில் செருகி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு முங்குவான். அறுத்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான். குமிழி விட்டவன் உயிரை விட்டவன் என்பது அந்த வேலை செய்பவர்களின் பேச்சு. காற்றைப் பூட்டிவைத்துப் பழகியதாலோ என்னவோ, கரையிலும் அவனிடமிருந்து சொல் எளிதில் வராது.

மனைவி சொக்கம்மாள்தான் பாவம். அவன் முங்கும்போதெல்லாம் படகுத்துறையில் நின்று தண்ணீரையே பார்த்திருப்பாள். போன மாதம் வலை காலில் சிக்கி அவன் வரத் தாமதமானபோது அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். கண் விழித்ததும் சொன்னாள்:

"ஒண்ணு, காத்து சிலிண்டர் கட்டிக்கினு முங்கக் கத்துக்கோ. இல்லாங்காட்டி கொருக்குப்பேட்டைல போய் மூட்ட தூக்கு. இனிமே என்னால நிக்க முடியாது."

மூட்டை தூக்குவது கேவலமில்லை. ஆனால் கடலை விட்டுவிட்டு அவனுக்கு இருக்கத் தெரியாது. திருவொற்றியூரில் ஒரு தனியார் பட்டறையின் ஆழமான தொட்டியில் நடந்த, சிலிண்டர் கட்டி முங்கும் வகுப்பில் சேர்ந்தான். சொல்லிக்கொடுத்த மகிமா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ராயபுரத்தில் அவள் குடும்பத்துக்கு மளிகைக் கடை.

கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய காற்றுக் குழாயைத் தேடி எடுப்பது எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. ஒன்றில்தான் மாட்டிக்கொண்டான். சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனால் எப்படி மேலே வருவது என்ற பாடம். தொட்டியின் தரையிலிருந்து கிளம்பி, மேலே வந்து சேரும்வரை 'ஆ' என்று விடாமல் சத்தமிட்டு மூச்சை விட்டுக்கொண்டே வரவேண்டும்.

"நீங்க கரையில இழுத்துட்டுப் போற காத்து வேற, அண்ணே. ஆழத்துல சிலிண்டர்ல இழுத்த காத்து மேல வர வர விரியும். அடைச்சு வச்சா நுரையீரல் கிழிஞ்சிரும்" என்றாள் மகிமா.

அவனுக்குப் புரிந்தது. அவன் வாய்க்குத்தான் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் உதடு தானாக இறுகும். மகிமா அவன் தோள்பட்டையைப் பிடித்து நிறுத்துவாள். இன்று கடைசி நாள். சொக்கம்மாளும் பச்சைச் சேலையில் வந்து தொட்டி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மாமு, 'ஆ' சொல்லக்கூட பேஜாரா? டாக்டராண்ட வாய தொறந்ததே இல்லியா?" என்றான் கூடப் படித்த ஃப்ரெடி.

அப்பாவு கண்ணாடியை முகத்தில் மாட்டினான். மகிமாவுடன் இறங்கினான்.

அடியில் மௌனம். அவனுக்குப் பிடித்த மௌனம். ஒரு மூச்சை இழுத்துவிட்டுக் கிளம்பினான். 'ஆ' பாதியில் செத்தது. உதடு இறுகியது. மகிமாவின் கை அவனை நிறுத்தியது. மறுபடி தரைக்கு வந்தார்கள். அவள் ஒரு விரலைக் காட்டினாள்: இன்னும் ஒரு தடவை.

அவன் அண்ணாந்து பார்த்தான். தண்ணீருக்கு மேலே கலங்கலாக ஒரு பச்சைச் சேலை. பெஞ்சை விட்டு எழுந்து விளிம்புக்கே வந்துவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தள்ளிப் போ என்று சொல்ல வேண்டும். வாயில் குழாயோடு எப்படிச் சொல்வது? சொன்னான்.

"சொக்கூ..."

குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு ஓடின. விடாமல் கூப்பிட்டான். அந்த 'ஊ' நீண்டுகொண்டே போனது. அவனும் அதன் பின்னாலேயே மேலே போனான். மகிமாவின் கை தோள்பட்டையில் இருந்தது, ஆனால் பிடித்து இழுக்கவில்லை. தலை வெளியே வந்து குழாய் விழுந்தபோது மிச்சமிருந்த 'ஊ' பட்டறையின் தகரக் கூரையில் மோதி எதிரொலித்தது.

ஃப்ரெடி கை தட்டினான். மகிமா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள். "பாஸ், அண்ணே. நான் சொல்லச் சொன்னது வேற, பரவாயில்ல."

சொக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மானத்த வாங்கிட்ட. வூட்ல ஒரு நாளாவது பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கீறியா?"

வெளியே டீக்கடையில் இருவரும் டீ குடித்தார்கள். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு வேல கீதா?"

"கீது. ஒரு போட்டுல வலை சுத்திக்கிச்சாம்."

"நீ போய்ட்டு வா. நான் வரல, துணி தொவைக்கணும்."

அப்பாவு இன்னொரு டீ சொன்னான்.