மாதம் ஒரு சாண்

1979 ஐப்பசியில் கழுகுக்கரட்டின் உச்சியிலிருந்து பெயர்ந்த பாறை, அறுபத்துமூன்று அடி கீழே இருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை வந்தடைய ஏழு வருடம் எடுத்துக்கொண்டது. சந்தவாசலுக்கு மேற்கே இருந்த அந்தக் கரட்டில் விரிசல்களை அளப்பது ஆரணிக்காரர் ஜெயவேலின் உத்தியோகம். விரிசலின் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளி எவ்வளவு கூடியிருக்கிறது என்று வாரந்தோறும் எழுதுவார். சுரங்கத்துக்குள் மேற்கூரையைத் தாங்க விட்டிருந்த கல்தூண்களையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் மேலே மலை பிளந்தது. 'ஆபத்து' என்று எழுதிய அறிக்கையை மேனேஜர் திருப்பித் தந்தபோது, ஜெயவேல் 'ஆபத்தில்லை' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அதே வாரம் சுரங்கம் சரிந்து அருணாச்சலம் என்ற தொழிலாளி குடியிருப்புக்கு நேர் கீழே புதைந்தார். உடலை எடுக்க முடியவில்லை. எட்டாம் நாள் பாறை பெயர்ந்தது.

கல்யாண மண்டபம் அளவிருந்த தட்டைப் பாறை, ஒன்பது வீடுகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. நிற்கவில்லை, மாதம் ஒரு சாண் இறங்குகிறது என்று கண்டுபிடித்தவர் ஜெயவேல். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வேலூர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலைந்தார். தரையில் விழாததை விபத்தாகப் பதிய வழியில்லை, விழுந்த பிறகு மனுக் கொடுக்கலாம் என்றார்கள். சுரங்கத்தை மூடிவிட்டு மேனேஜரும் போய்விட்டார். வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் அந்த நிழலிலேயே சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். துணி மட்டும் காயவில்லை. ஜெயவேலுக்குச் சோறு இறங்கவில்லை. ஆரணியில் தன் வீட்டுத் தறிக்குழிகளை மூடி இடம் செய்து, குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து வைத்தார். தறி போன அவர் மனைவி தெய்வநாயகி எட்டுக் குடும்பத்துக்கும் உலை வைத்தாள். அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாவது வீட்டுக்காரி, அருணாச்சலத்தின் மனைவி முனியம்மாள், வரவில்லை. "அவரு கீழ இருக்காரு சார். அவர வுட்டுட்டு ஆரணிக்கு வந்து நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று கேட்டாள். பாறை கூரையைத் தொட்டதும் ஓலையைப் பிரித்தாள். பிறகு சுவரை மாதம் ஒரு சாண் இடித்து இறக்கினாள். 1986இல் குனிந்து நடந்தாள், பிறகு தவழ்ந்தாள். இரண்டு சாண் மிச்சமிருந்த மாதத்தில் ஜெயவேல் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் படுத்தார். மூக்குக்கு மேலே கல். தான் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னார்.

"இத சொல்றதுக்கு இம்மா நாளா சார்?" என்றாள் முனியம்மாள். பிறகு, "மொதல்ல நீ வெளிய போ. நீ நவுந்தாதான் நான் வர முடியும்" என்றாள்.

ஐப்பசியில் ஒரு பகல் மூன்று மணிக்கு, நெல்மூட்டையை இறக்கிவைக்கிற சத்தத்தோடு பாறை தரையில் உட்கார்ந்தது. சந்தவாசல் பெண்கள் அதன்மேல் மிளகாய் காயவைத்தார்கள். மறுமாதம் அளந்தபோது, அது மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது. அருணாச்சலம் இருப்பது நூற்றிருபது அடி ஆழத்தில். பாறை அங்கே போய்ச் சேரப் பதின்மூன்று வருடம் நாலு மாதம் ஆகும் என்று ஜெயவேல் கணக்குச் சொன்னார். முனியம்மாள் கேட்டுக்கொண்டாள். பாறையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.