வேண்டாம் என்று வாதாடு

தத்துவ மிஸ்ஸுக்கு அன்று காலையிலேயே உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தது. பல வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு பருவமும் அவள் பாடத்துக்குப் பத்துப் பேர் சேர வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளோ முதல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பெயர் பதிவார்கள். கடையில் துணியைப் பிரித்துப் பார்க்கிற மாதிரிதான். மாலை நான்கு மணிக்குப் பதிவு மூடிவிடும்.

“இன்னிக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டிக்கிட்டு இரேன்,” என்றார் கணவர். “அந்த விளையாட்டெல்லாம் பதிவு முடிஞ்சப்புறம் வெச்சுக்கோ.”

விளையாட்டு என்ன, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு எது சரியென்று படுகிறதோ அதற்கு எதிராக வாதாட வேண்டும். அவள் முதல் வகுப்பை வேறு விதமாக ஆரம்பித்ததே கிடையாது.

துறைத்தலைவரும் நடைவழியில் மடக்கினார். எதற்கெடுத்தாலும் தலையாட்டுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘சரிங்க சார்’. “ஏதாவது படம் போடுங்க, ரெண்டு ஜோக் அடிங்க. பத்துக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மேலிடத்துல பாடத்தை மூடச் சொல்வாங்க, நான் சரின்னுதான் சொல்லணும்.”

அறையில் சொல்லிவைத்தாற்போல் பத்துப் பேர். பலகையில் யாரோ அழிக்காமல் போன கணக்கு. அவள் திரையை இறக்கினாள். அப்போது பார்த்தா கடைசி வரிசைப் பெண் கையைத் தூக்க வேண்டும்?

“தப்பா நினைக்காதீங்க மிஸ். இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?”

படத்தைப் போட்டிருக்கலாம். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே!

“நீ என்ன நினைக்கிறே? வேணுமா, வேண்டாமா?”

“வேணும்னுதான் மிஸ் வந்தேன். வீட்ல ஒரே திட்டு.”

“அப்போ, வேண்டாம்னு வாதாடு.”

பெண் முதலில் தட்டுத்தடுமாறினாள். மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. “இங்கே ஓட்டை இருக்கு, அடை.” “எப்படி? அதைச் சொல்லு.” பெண் அடைத்தாள், சொன்னாள், சூடு பிடித்தது. “முதன்முதலா கேள்வி கேட்டவங்க எந்த வகுப்புக்குப் போனாங்க? வகுப்பு இல்லாமலே யோசிச்சாங்கன்னா, நமக்கு மட்டும் எதுக்கு வகுப்பு?”

அறையே கைதட்டியது. மிஸ்ஸும் தட்டினாள். களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அத்தனை சந்தோஷம்.

நான்கு மணி தாண்டியதும் சரிங்க சார் எட்டிப் பார்த்தார். “பதிஞ்சது ஏழு பேர்தாம்மா. மேல சரின்னு சொல்லிட்டேன்.” அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. மேஜை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். குனிந்தால் இடுப்பு வலித்தது. அந்த நேரத்தில் காலையில் வாதாடிய பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மிஸ், என் வாதத்துல பெரிய ஓட்டை! முதன்முதலா கேள்வி கேட்டவங்க தனியா உக்காந்து யோசிச்சிருக்க மாட்டாங்க. பக்கத்துல ஒருத்தர் ‘எப்படி, எப்படி’ன்னு குடைஞ்சிருப்பாங்க, காலையில நீங்க குடைஞ்சீங்களே, அப்படி. உடனே பேர் பதிய ஓடினேன், மூடிட்டாங்க. நாளைக்குத் திறப்பாங்களா?”

“திறக்க மாட்டாங்கம்மா.”

பெண்ணின் முகம் செத்துவிட்டது. “என்னாலதானே மிஸ்?”

“போடி பைத்தியம். ஓட்டையெல்லாம் அடைக்க வெச்சது யாரு?”

கைபேசி அடித்தது. கணவர்.

“என்னாச்சு? பத்துப் பேர் வந்தாங்களா?”

“வந்தாங்க,” என்றாள். “வகுப்பு ரொம்ப நல்லா போச்சுங்க.”