ஒன்றுமில்லாத போல்டர்

“உன்ரை கையிலை தரேக்கை உதுக்கை நாப்பது படம் இருந்தது, நீதான்...”

“அக்கா, நான் சொல்லுறதைக் கேள். திறந்து பாத்தனான். போல்டர் இருந்தது, உள்ளுக்கை ஒண்டும்...”

“ஒண்டும் இல்லாமல் பறந்து போச்சுதோ?”

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்து அச்சகத்தில், பென்ட்றைவைக் கையில் வைத்துக்கொண்டு அச்சடிப்பவர் செபநாயகம், ஜெனிற்றாவும் தம்பி அருள்நேசனும் ஓயட்டும் என்று காத்திருந்தார். அவர்களின் அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் ஜெபம் வருகிற ஞாயிறு. நினைவு மலர் அதற்குள் அடித்தாக வேண்டும்.

மற்றப் படங்களைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிவிடலாம். வன்னியில் காணாமற்போன பெரியண்ணை ஜெபசீலனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் பள்ளிக்கூட ஸ்கானரில் போட்டு அதையும் பென்ட்றைவில் ஏற்றியவள் ஜெனிற்றா. சவப்பெட்டி மூடும் நேரம் அம்மா அந்தப் படத்தை அப்பாவின் சேட்டுப் பைக்குள் வைக்கப் போனபோது மாமிமார் மறித்தார்கள். “வையுங்கோ அம்மா, அது என்னட்டை அழியாமல் இருக்கு” என்று சொன்னவளும் அவள்தான். படம் அப்பாவோடே மண்ணுக்குள் போனது.

“தம்பி அருள்நேசன்,” என்றார் செபநாயகம், “ஒண்டும் இல்லை எண்டுறீர். பென்னிலை இடம் இருந்ததோ?”

“அதுதான் அண்ணை விசர். செத்தவீட்டு வீடியோவை லண்டன் மாமான்ரை லப்டொப்புக்கு மாத்திக் குடுப்பம் எண்டு ஏத்தினா, இடம் காணாது எண்டுது.”

“அப்ப படம் போகேல்லை. வைரஸ் ஒளிச்சு வைச்சிருக்கு. மாசத்துக்கு நாலு பேர் உப்பிடி அழுதுகொண்டு வருவினம். மறைஞ்சு கிடக்கிறதைக் காட்டு எண்டு ஒரு சரி அடையாளம் போட்டா எல்லாம் வெளியிலை வரும்.”

ஜெனிற்றா கதிரையை இழுத்துக் கிட்ட இருந்தாள். செபநாயகம் பென்னைச் செருகி அந்தச் சரியைப் போட்டார். ஒரேயொரு வீடியோ மட்டும் நின்றது.

“போல்டரையே காணேல்லையே, தம்பி.”

அருள்நேசன் தெருவைப் பார்த்தான். “பென் பழுதாக்கும் எண்டு போமற் அடிச்சு எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுத்தான் வீடியோவை ஏத்தினனான்.”

“இதை இப்பதான் சொல்லுறாய்,” என்றாள் ஜெனிற்றா. “நீ கொம்பியூட்டர் படிச்சனி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்.”

“கேட்டனியோ? வந்த நேரம் துவங்கிக் கள்ளன் எண்டெல்லே ஏசுறாய்.”

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார் செபநாயகம். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபின்னும் அது தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் பெயர்கள் வரிசையாக வந்தன. ‘ஜெபசீலன்’ என்பதை அவளே அமத்தினாள். மேலே ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுவர் தெரிந்தது. அதற்குக் கீழே முழுதும் சாம்பல் நிறம்.

“மேலாலை வீடியோ ஏறியிட்டுது, பிள்ளை.”

“வேறை எங்கையும் குடுத்துப் பாக்கலாமோ?”

“கொழும்புக்குக் கொண்டு போனாலும் உதைத்தான் சொல்லுவாங்கள்.”

அவள் அந்தச் சுவர்த் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி அடித்தது, அம்மா. எடுக்காதே என்று அருள்நேசன் தலையை ஆட்டினான். அவள் எடுத்தாள்.

“பிள்ளை, அச்சடிக்கிறவரிட்டைச் சொல்லு, பெரியவன்ரை படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடட்டாம். எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியுதில்லை.”