வழிவிட்ட சந்தை

நகரம் விழுந்தது, சந்தை விழவில்லை. ஏரியின் நடுவே நிமிர்ந்து நின்ற மெஷிக்கோ மாநகரின் கோபுரங்களை ஸ்பானியர் இடித்தார்கள். கால்வாய்களைத் தூர்த்தார்கள். அரசரைச் சிறைபிடித்தார்கள். ஆனால் இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் த்லதெலோல்கோ சந்தையில் பெண்கள் மீண்டும் பாய் விரித்தார்கள். தக்காளி வந்தது, உப்பு வந்தது, கால் கட்டிய வான்கோழிகள் வந்தன. பெரியம்மை தின்றது போக மிஞ்சிய மனிதர்களும், வடு நிறைந்த முகங்களோடு வந்தார்கள்.

அந்தச் சந்தைக்குத்தான் சென்தேவாவைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான் அவளுடைய எசமான் கொயோச்சி. பஞ்ச காலத்தில், தம்பியின் பசிக்கு ஒரு கூடைச் சோளம் வேண்டித் தன்னைத்தானே விற்றுக்கொண்டவள் அவள். தம்பியை அம்மை கொண்டுபோயிற்று. அடிமைத்தனத்தை மட்டும் எந்த நோயும் கொண்டுபோகவில்லை. எதிர்த்துப் பேசினாள் என்ற குற்றத்துக்காக அவள் கழுத்தில் மரப்பலகை ஏறியது. குனிந்தால் தோளில் இடிக்கும். நிமிர்ந்தால் தாடையில் இடிக்கும். அடங்காதவளின் அடையாளம் அது.

பழைய பூசாரிகள் இப்படிப் பலகை பூட்டியவர்களை வாங்கிப்போய்க் கோயில் படிக்கட்டில் ஏற்றிப் பலியாக நெஞ்சைப் பிளந்தார்கள். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கைநீட்டிப் பேசிக்கொண்டு வந்த புதிய எசமானர்கள் என்ன செய்தார்கள்? பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்தில் எழுத்துப் பொறித்தார்கள். பழைய முறையில் அடிமை பெற்ற பிள்ளையாவது சுதந்திரப் பிள்ளை. புதிய முறையில், அந்தச் சூடு பட்டவளின் வயிறும் எசமானுக்கே சொந்தம். அவளுக்கு மீட்சி இல்லை. தங்கச் சுரங்கமே வீடு, சுரங்கமே சுடுகாடு.

சந்தையின் மூலையில் அந்த இரும்பு கனன்றுகொண்டிருந்தது. கொயோச்சி வரிசையில் நின்றான். கயிற்றைப் பிடித்திருந்தவன் அவனுடைய மருமகன் நொச்சுவேல்.

"மாமா, இது வேணாம் மாமா. மனசுக்கு ஒப்பல."

"வாயை மூடு மாப்ளே. ஸ்பானியன் தங்கத்தைக் குடு, இல்லேன்னா ஆளைக் குடுங்கறான். தங்கத்துக்கு நான் எங்க போவேன்? உன் பொண்டாட்டி காதுல கெடந்த பச்சைக்கல்லையும் புடுங்கிட்டுப் போயிட்டான்."

"அதுக்காக…"

"அதுக்காகத்தான். இவளைக் குடுக்கலேன்னா உன்னைக் கேப்பான். போறியா?"

நொச்சுவேல் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான்.

சென்தேவா தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையிலிருந்து அந்தப் பக்கம் போகும் தெருவின் முடிவில் அரசரின் அரண்மனை இருந்தது. சந்தையில் பிடி நழுவி ஓடும் அடிமை அந்த அரண்மனை வாசலை மிதித்துவிட்டால் விடுதலை. இது முன்னோர் காலத்துச் சட்டம். துரத்தும் உரிமை எசமானுக்கும் அவன் பெற்ற மகனுக்கும் மட்டும். வேறு எவன் குறுக்கே கை நீட்டினாலும், அந்தப் பலகை அவன் கழுத்துக்கு மாறும். ஆனால் அரசரே இல்லாத ஊரில் அரசரின் சட்டம் இருக்குமா? அவளுக்குத் தெரியாது. இரும்பு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

முன்னால் நின்றவனின் கன்னத்தில் இரும்பு இறங்கியது. அவன் அலறினான். தசை கருகிய நாற்றம் எழுந்தது. நொச்சுவேல் முகத்தைத் திருப்பி மூக்கைப் பொத்தினான். பொத்திய கை, கயிறு பிடித்திருந்த கை.

சென்தேவா ஓடினாள்.

"புடி! புடிங்க அவளை!" என்று கத்தினான் கொயோச்சி.

எவர் பிடித்திருந்தாலும் அன்றைக்கு ஏனென்று கேட்க ஆளில்லை. பிடித்துக் கொடுத்தால் ஸ்பானியன் பாராட்டியிருப்பான். சந்தை முழுவதும் பசித்த மனிதர்கள். ஆனால் விதை விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி தன் பாயைச் சரக்கோடு பின்னால் இழுத்தாள். அவளுக்கு அடுத்திருந்த பானைக்காரன் பானைகளை அணைத்துக்கொண்டு ஒதுங்கினான். அவ்வளவுதான்! கரும்பச்சை நீரைப் படகின் மூக்கு பிளப்பதுபோல் அந்தக் கூட்டம் பிளந்தது. ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஒருவரும் வாய் திறந்து வாழ்த்தவுமில்லை. விலகினார்கள், விலகி, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அரசு போனது, ஆலயம் போனது, படை போனது. ஆனாலும் ஓடுகிறவளுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற அறம் அந்த மக்களின் கால்களை விட்டுப் போகவில்லை.

சந்தையின் தென்வாயிலில் பலகை பின்னுக்கு இழுபட்டு அவள் மல்லாந்து விழப் பார்த்தாள். இளங்கால்காரனான நொச்சுவேல் எட்டிப் பிடித்துவிட்டான்.

"ஐயையோ, யாரு இவன்?" என்று பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. "கொயோச்சியோட மகனா?"

"மகன் ஸ்பானியனோட பாலத்துச் சண்டையிலயே போயிட்டானே. இது மருமகன்."

"மருமகனா? அப்பச் சரி! யோவ், மாமனார் மேல அம்புட்டுப் பாசமா? பலகையை இப்பவே மாட்டிக்கிறியா, இல்ல வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்து மாட்டிக்கிறியா?"

"கழுத்து கொஞ்சம் ஒல்லிதான். அளவெடுத்துச் செய்யச் சொல்லணும்" என்றான் பானைக்காரன்.

சிரிப்பு வெடித்தது. முற்றுகை முடிந்த பிறகு அந்தச் சந்தை அப்படிச் சிரித்ததே இல்லை. நொச்சுவேலின் காதுகள் சிவந்தன. பிடித்த பலகையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

"போ" என்றான் மெல்ல. "அந்த ஆளு வர்றதுக்குள்ள போ."

அவள் போனாள். மூச்சு நெஞ்சை அறுக்க, தெருவின் முடிவை எட்டினாள். அங்கே அரண்மனை இல்லை. இடித்த சுவரும் கருகிய உத்தரமும் கற்குவியலும் கிடந்தன. நெற்றிப் பட்டையில் கல் சுமந்த கூலிகள் எறும்புச் சாரியாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். அரண்மனையைப் பெயர்த்து, ஸ்பானியத் துரை ஒருவனுக்கு மாளிகை எழுப்பும் கட்டாய வேலை. எதை மிதிப்பது? எங்கே நுழைவது?

"வாசல் எங்கண்ணே?" என்று அலறினாள்.

குனிந்து போய்க்கொண்டிருந்த ஒருவன் அவள் கழுத்தைப் பார்த்தான். "அரமனை வாசலைத் தேடி வந்தியா தாயி? அது நடந்து போயிட்டிருக்கு, என் முதுகுல ஏறிக்கிட்டு!"

பின்னால் கொயோச்சியின் குரல் நெருங்கியது. அந்தக் கூலி நின்றான். முழங்காலை மடித்தான். பட்டையை நழுவவிட்டான். பல தலைமுறைகள் மிதித்து வழவழத்த வாசற்கல் தொப்பென்று புழுதியில் விழுந்தது. அடுத்தவன் தன் கல்லை அதன் இடப்புறம் இறக்கினான். இன்னொருவன் வலப்புறம் இறக்கினான். கதவில்லை, காவலில்லை, கூரையில்லை. ஆனாலும் அது வாசல்!

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மிதி புள்ள!"

மிதித்தாள். தாண்டினாள்.

கொயோச்சி இரைக்க இரைக்க வந்து நின்றான். மேற்பார்வை ஸ்பானியன் கோலை ஓங்கிக்கொண்டு தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். ஒரு சைகை போதும். தன் கன்னத்தைத் தொட்டு அவளைச் சுட்டிக் காட்டினால் போதும். ஸ்பானியனே அவளைக் கட்டி இழுத்துக் கொடுப்பான்.

"ராஜாவே இல்ல" என்றான் கொயோச்சி. "எந்த ராஜாவோட சட்டம்டீ இது?"

"சந்தையில அத்தனை பேரு ஒதுங்கினாங்களே எசமான், அங்க எந்த ராஜா நின்னாரு?"

அவன் கை கன்னம் வரை உயர்ந்தது. கல் இறக்கிய கூலிகள் அவனைப் பார்த்தார்கள். அவன் பின்னால் வந்து சேர்ந்த நொச்சுவேல் தோளைத் தொட்டான். "வேணாம் மாமா. நாளைக்கும் இதே சந்தையில உப்பு வாங்கணும் நாம. யாரு குடுப்பா நமக்கு?"

உயர்ந்த கை கன்னத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. "தொலைஞ்சு போ" என்றான். திரும்பியும் பாராமல் நடந்தான். மனம் மாறியா, மானத்துக்கு அஞ்சியா? எதுவாயினும், நடந்தான்.

ஸ்பானியனின் கோல் வாசற்கல்லை இறக்கியவனின் முதுகில் இருமுறை விழுந்தது. காரணம் கேட்கவில்லை அடித்தவன்; சொல்லவில்லை அடிபட்டவன். ஸ்பானியன் நகர்ந்ததும், அடிபட்டவனின் தோழன் எரிமலைக் கண்ணாடிச் சில்லால் சென்தேவாவின் கழுத்துப் பலகையைக் கட்டிய கயிற்றை அறுத்தான். பலகை விழுந்தது.

"உங்க பேரு என்னண்ணே?" என்று அடிபட்டவனைப் பார்த்து அழுதாள் அவள். "பேராவது சொல்லுங்க."

"பேரு எதுக்கு? ஒரு கை குடு, கல்லை ஏத்தணும்."

கை கொடுத்தாள். கல் ஏறியது. அவன் போய்விட்டான்.

நிமிர்ந்த கழுத்தோடு அவள் சந்தைக்குத் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நன்றியெல்லாம் மழைக்கும் வெயிலுக்கும் கோபுரத்துச் சிலைகளுக்கும் சொல்லும் நன்றி. மனிதர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒருவரா, இருவரா? அங்கே எல்லோரும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளை எவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில், பாய்களின் நடுவே மண்டியிட்டு, மண்ணைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தாள். அந்த ஊரில் கும்பிடுவது அப்படித்தான்.

"ஏ புள்ள!" என்று அதட்டினாள் மிளகாய்க்காரி ஒருத்தி. "கும்பிடறதெல்லாம் இருக்கட்டும். நீ ஓடுன ஓட்டத்துல என் மிளகா அம்புட்டும் மண்ணுல. வந்து பொறுக்கு."

சென்தேவா பொறுக்கினாள். கண் எரிந்தது, மிளகாயாலா என்று அவளுக்கே தெரியவில்லை. பாதிக் கூடை நிறைந்ததும் மிளகாய்க்காரி ஒரு சோள ரொட்டியைப் பிய்த்து, அவளைப் பாராமலே நீட்டினாள்.

"தின்னுட்டுப் பொறுக்கு. கழுத்து வலிக்குதா?"

"இல்லக்கா" என்றாள் சென்தேவா. "லேசா இருக்கு."